பொட்டு வைத்த எண்ணெய் டின்

நம்ம வயசுக்காரர்களே, உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னவர்களிடம் சொன்னால், "விடுங்கோ பாட்டி, எப்பவோ நடந்தது" என்கிறார்கள். எப்பவோ நடந்ததுதான். அதை இப்போது மாற்றி எழுதுகிறார்களே, அதைக் கேட்பார் யார்?

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. கறுப்பு மோட்டார் சைக்கிள். டேங்க் ஓரத்தில் தங்க நிறக் கோடு. மாலை வேறு போட்டிருந்தார்கள். கீழே சித்தப்பாவின் பிள்ளை எழுதியிருந்தான்: "எங்கப்பா தன் கையாலேயே ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, வீட்டிலேயே உயிர் கொடுத்த வண்டி." அதற்கு வரிசையாகக் கும்பிடு, பூங்கொத்து, கைதட்டல். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். காலையில் போட்ட பிரஷர் மாத்திரை எதற்கும் உதவவில்லை.

தன் கையாலேயாம்! அந்தக் கையை எனக்குத் தெரியும். மணிக்கட்டு வரை பவுடர் மணக்கும் கை. நகக்கண்ணில் ஒரு நாள் கரி ஏறியதில்லை. அந்த வண்டியைக் கழற்றிப் பூட்டிய கை என் அக்காவுடையது. பதினேழு வயசுக் கை.

நாங்கள் அப்போது மயிலாப்பூரில், குளத்திலிருந்து நாலு எட்டில் ஒரு சந்தில் இருந்தோம். ரயில் பெட்டி மாதிரி நீள வீடு. வாசல், நுழைந்ததும் ரேழி, கூடம், சமையலுள், கடைசியில் கொல்லை. கொல்லையில் கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு சின்ன அறை. வீட்டுப் பெண்களில் யாராவது மாதவிலக்காகித் தூரம் என்றால் மூன்று நாள் அந்த அறையில்தான் இருக்க வேண்டும். மற்ற நாளில் அதில் விறகு கிடக்கும். அறைச் சுவரோரம் சாக்கு போர்த்தி நின்றது அப்பாவின் வண்டி. கல்யாணத்துக்கு முன்னால் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த இங்கிலீஷ்காரன் வண்டி. அடையாறு பாலத்தில் ஒரு நாள் சறுக்கி விழுந்து, அப்பாவுக்கு இடது கால் இழுத்து நடக்கும்படி ஆனதும், அதைக் கொல்லையில் கொண்டுவந்து தள்ளியாயிற்று. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அது பூனைப் பிரசவ விடுதி. அவ்வளவுதான்.

அந்த வருஷம் எனக்குப் பதினொன்று. அக்கா பி.யு.சி. முடித்திருந்தாள், கணக்கில் முழு மார்க். பெண்கள் பாலிடெக்னிக்கில் சேர்ந்து மெஷின் படிக்க வேண்டும் என்றாள். அப்பா, "மெஷினா? தையல் மெஷின்தான் ஆத்துலயே இருக்கே" என்று சொல்லித் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சித்தப்பாவும் சிரித்தார். சித்தப்பா அப்பாவின் தம்பி, தேனாம்பேட்டையில் ஆபீஸ், கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தார். அவருக்கு வாயைத் திறந்தால் ஒரே பேச்சுதான்: "நான் பாத்துக்கறேன்." குழாயில் தண்ணீர் வரவில்லையா, நான் பாத்துக்கறேன். பால் பொங்குகிறதா, நான் பாத்துக்கறேன். நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா காயலாங்கடைக்காரரைக் கூட்டி வந்தார், வண்டியை எடைக்குப் போட. அவர் சாக்கை விலக்கி டயரை ஒரு உதை உதைத்தார்.

"சாமி, இது வண்டி இல்ல, துரு. தூக்கினா என் கையோட வர்றதுதான் கணக்கு."

கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த அக்கா ஈரக் கையோடு எழுந்து வந்தாள்.

"குடுக்காதேங்கோப்பா. இதை நான் ஓட வைக்கறேன்."

"யாரு? நீ?"

"நான்தான்."

"ஓட வச்சா என்ன தரணும்? வைரத் தோடா?"

"பாலிடெக்னிக்ல சேக்கணும்."

காயலாங்கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். "கேக்குது பாரு சாமி பொண்ணு! பதில் சொல்லு!"

வெளி ஆள் முன்னால் விட்டுக்கொடுத்துப் பேச அப்பாவுக்கு வராது. "சரி. விஜயதசமி வரைக்கும் டைம். வண்டி ஓடித்துன்னா வர ஜூன்ல நீ கேட்ட படிப்பு. ஓடலைன்னா தை மாசம் நான் சொல்ற இடத்துல கழுத்தை நீட்டணும். மூச்சு விடப்படாது."

"சரிப்பா."

நாக்பூரிலிருந்து ஒரு ஜாதகம் அப்போதே வந்து மாடத்தில் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு இன்று வயிறு எரிவது எதற்கென்றால், அன்று எல்லோரும் இதை ஒரு விளையாட்டாகத்தான் பார்த்தார்கள். நானும்தான். தராசைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஆளின் முன்னால் ஒரு பெண்ணின் ஆயுசை வைத்துப் பந்தயம் கட்டினார் அப்பா. அம்மா உள்ளேயிருந்து, "அழகுதான் போங்கோ" என்றாள். அம்மா எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வாள். சந்தோஷமா கோபமா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

என்ஜின் இறுகிக் கிடந்தது. காலால் உதைத்துக் கிளப்பும் உதைகட்டை இறங்கவேயில்லை. வண்டியோடு வந்த பட்டாளத்துப் புத்தகம் ஒன்று பரணில் இருந்தது, பாதியைக் கரையான் தின்றிருந்தது. அக்கா மீதியைப் படித்தாள். மண்ணெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் கலந்து ப்ளக் துவாரம் வழியாக ஊற்றினாள். எங்களுக்குப் பேதிக்குக் கொடுக்க வைத்திருந்த விளக்கெண்ணெய் அத்தனையும் என்ஜினுக்குப் போயிற்று. அந்த வகையில் நான் தப்பித்தேன். தினமும் காலையில் குளித்து, விளக்கேற்றி, கொல்லைக்குப் போய் உதைகட்டையின் மேல் ஏறி நிற்பாள். அசையாது. இறங்கிவிடுவாள். ஒன்பது நாள் அப்படியே. பத்தாம் நாள் ஒரு விரற்கடை இறங்கியது. அக்கா கத்தவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நீ ஏறி நில்லு" என்றாள். நின்றேன். இன்னும் ஒரு விரற்கடை. காலுக்கடியில் ஏதோ பெரிய மிருகம் தூக்கத்தில் புரண்டு படுத்த மாதிரி இருந்தது.

அப்புறம் கழற்றல். பழைய இட்லித் தட்டுகள் நாலை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு குழியிலும் ஒரு ஜோடி போல்ட்டு, நட்டு. எந்தத் தட்டில் எந்தக் குழி எந்த இடத்துக்கு என்று கணக்கு நோட்டில் படம் போட்டு வைத்திருந்தாள். அம்மா ஒரு நாள் தெரியாமல் ஒரு தட்டைத் தேய்க்கப் போட்டு அக்கா அழுதது எனக்கு நினைவிருக்கிறது. பல் தேய்க்கும் பிரஷ், அப்பாவின் கிழிந்த பனியன், சீயக்காய்ப் பொடி, புளி எல்லாமே கொல்லைக்கு வந்துவிட்டன. பெட்ரோல் வரும் சின்னத் துவாரம் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. எந்த ஊசியும் நுழையவில்லை. அக்கா கூடத்துக்கு வந்து, தன் வீணையில் அறுந்து தொங்கிய மெல்லிய தந்தியை ஒரு சாண் வெட்டிக்கொண்டு போனாள். நுழைந்துவிட்டது.

"சரஸ்வதி கையில இருக்கறதுடீ அது! அழகுதான்!"

"சரஸ்வதி ஒண்ணும் சொல்லலேம்மா. நீதான் சொல்றே."

மாடியில் குடியிருந்த மாமி இறங்கி வரும்போதெல்லாம் மூக்கைச் சுளிப்பாள். "உங்காத்துல ஊதுவத்தி ஏத்தினாலும் மண்ணெண்ணெய்தான் மணக்கறது." அக்கா வேண்டுமென்றே அவளுக்குக் கரிக் கையாலேயே வெற்றிலைத் தட்டை நீட்டுவாள்.

பக்கத்துத் தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாய் எப்போதாவது கொல்லைப்பக்கச் சந்து வழியாக வருவார். வெள்ளை லுங்கி, காதில் பென்சில். முதல் நாள் வந்து குந்தி உட்கார்ந்து, இட்லித் தட்டுகளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, நீயேவா கழட்டுன?"

"ஆமா பாய்."

"யாரு சொல்லிக் குட்த்தாங்க?"

"புஸ்தகம்."

"புக்கு சொல்லிக் குட்த்துச்சா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்கூட்ல மூணு தடிப்பசங்க கீறானுங்க. ஒருத்தனாச்சும் எட்த்த ஸ்பேனர எட்த்த எடத்துல வெப்பானா? மாட்டான். இட்லித் தட்டாமே!"

சிலிண்டர் தேய்ந்திருக்கிறது, உள்ளே கடைந்து பெரிசாக்க வேண்டும், அதற்கேற்ற பிஸ்டனைப் புதுப்பேட்டையில் தேடித் தருகிறேன் என்றார். கடைசல் ஈக்காட்டுத்தாங்கலில். அங்கே அக்கா போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். "நான் பாத்துக்கறேன்" என்றார் சித்தப்பா.

இதோ, வந்துவிட்டோம். சித்தப்பா அந்த வண்டிக்குச் செய்த மொத்த வேலையும் இதுதான்: சிலிண்டரை ஒயர் கூடையில் வைத்து, மேலே வாழை இலை போட்டு மூடி, பஸ்ஸில் ஈக்காட்டுத்தாங்கல் போய்த் திரும்பி வந்தார். வந்ததும் தோள்பட்டை வலி என்று அம்மாவைத் தைலம் கேட்டார். அன்றிலிருந்து பேச்சில் "நாங்க" வந்தது. "நாங்க சிலிண்டரைக் கடைஞ்சாச்சு." "நாங்க ரிங் மாத்தறோம்." நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்தவர்களிடம், சுண்டலுக்கு முன்னால், பழைய பிஸ்டனை வெள்ளிக் கிண்ணம் மாதிரி கையில் ஏந்திக் காட்டுவார். அக்கா கொலுப்படி ஓரத்தில் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். வந்த மாமிகள், "தம்பி கெட்டிக்காரன்" என்பார்கள். "நான் பண்ணினது" என்று அக்கா ஒரு தடவை சொன்னாள். அந்த மாமி அவள் கன்னத்தைக் கிள்ளி, "ஆமாண்டி கண்ணு, நீயும் கூடமாட ஒத்தாசை பண்ணியிருப்பே" என்றாள்.

கூடமாட ஒத்தாசை. கேட்டீர்களா?

நவராத்திரி ஏழாம் நாள் வண்டி முழுசாக நின்றது. ரேழிக்குக் கொண்டுவந்தாயிற்று. பாய் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள துரு, மண்ணு இன்னா கீதோ தெரியாது. மொதல்ல மண்ணெண்ணெ ஊத்திக் கழுவு. மொத்தமா வடிச்சிடு. ஸ்டார்ட் பண்ற அன்னிக்கு, ஒதைக்கிறதுக்கு முன்னாடி, புது எண்ணெ ஊத்து. மறந்துடாதே பாப்பா, எண்ணெ இல்லாம ஒதச்சா பத்தே நிமிசம். இரும்பும் இரும்பும் கட்டிப் புட்ச்சிக்கும்." அக்கா அப்படியே செய்தாள். கழுவி, சொட்டு விடாமல் வடித்துவிட்டு, பாய் கொடுத்த சீல் உடைக்காத எண்ணெய் டின்னை வண்டிப் பக்கத்தில் வைத்தாள். அன்று சாயங்காலம் அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரேழியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வண்டியைப் பார்த்தபடி ஒரு தட்டு தயிர்சாதம் சாப்பிட்டாள். அவ்வளவு ரசித்து ஒருத்தி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் விடியற்காலை அவளுக்குத் தூரம்.

என்ன செய்வது? இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாம், நாலு நாள் கழித்து வந்திருக்கலாம். வந்தது அன்று. கிணற்றோர அறைக்குப் போனாள். தட்டும் தம்ளரும் தனி. மறுநாள் சரஸ்வதி பூஜை, அதற்கடுத்த நாள் விஜயதசமி. சரஸ்வதி பூஜையன்று வீட்டிலுள்ள கருவி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் பூஜையில் வைப்போம். அன்று எதையும் எடுத்து வேலை செய்யக் கூடாது, மறுநாள் காலைதான் எடுக்க வேண்டும். அப்பா ரேழியில் வண்டிக்கு முன்னால் மணை போட்டு ஸ்பேனர், சுத்தியல், அரிவாள்மணை, என் பாடப் புத்தகங்கள், அக்காவின் வீணை எல்லாவற்றையும் அடுக்கினார். அந்த எண்ணெய் டின்னையும் வைத்தார். சந்தனம் தடவினார். நடுவில் குங்குமம். மேலே ஒரு கிள்ளு மல்லிகை. பார்த்தால் அது எண்ணெய் மாதிரியே இல்லை, சாமி மாதிரி இருந்தது.

விஜயதசமி வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். காலையில் நான் கொல்லைக்குப் போனபோது அக்கா அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"இங்க பாரு. கிட்ட வராதே, அங்கேயே நில்லு. அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. வண்டியில எண்ணெய் இல்லை. நாளைக்கு நான் குளிச்சு வந்து ஊத்தி உதைக்கறேன். இன்னிக்கு ஆரத்தி மட்டும் எடுக்கட்டும். அப்படி உதைச்சே ஆகணும்னா அந்த டின் முழுக்க ஊத்தினப்பறம்தான். திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். அப்பாவிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டே, "தெரியும், போ" என்றார். சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் தலை வாரிக்கொண்டிருந்தார். "எண்ணெய்யெல்லாம் உள்ளேயே இருக்கும். நான் பாத்துக்கறேன். நீ போய்ப் பட்டுப் பாவாடை கட்டிண்டு வா, உன்னை டேங்க் மேல உக்கார வச்சுண்டு மாட வீதி ஒரு ரவுண்டு போலாம்."

நான் போய்ப் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்தேன்.

வண்டியை வாசலுக்கு இறக்கினார்கள். சந்து முழுக்கக் கூட்டம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பாய் மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றிருந்தார். "மணி பத்தே கால், சீக்கிரம், சீக்கிரம்!" என்று யாரோ கத்தினார்கள். சித்தப்பா என்னைத் தூக்கி டேங்க் மேல் வைத்தார். மாடி மாமி ஆரத்தி சுற்றினாள். வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. கொல்லையிலிருந்து வாசல் வரை, அத்தனை நீள வீட்டையும் தாண்டி.

"எண்ணெய் ஊத்தினேளா? அப்பா! எண்ணெய்!"

முதல் உதை. இல்லை. இரண்டாவது. இல்லை.

"அப்பா! எண்ணெய் இல்லேப்பா!"

அவள் அறையை விட்டு வந்துவிட்டாள். கொல்லை, சமையலுள், கூடம் எல்லாம் தாண்டி ரேழி வரைக்கும் வந்துவிட்டாள். ரேழிக் கதவில் அம்மா நின்றாள். பூஜைக்குச் சுத்தமாகக் கட்டிய மடிப் புடவை, இரண்டு கையையும் விரித்து நிலைப்படியின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு. அம்மாவைத் தொடாமல் அக்கா வெளியே வர முடியாது. தொட்டால் அம்மாவின் மடி போச்சு, பூஜை போச்சு, ஊர் முன்னால் மானம் போச்சு.

"தொடாதே! பூஜை வண்டி! உள்ள போடீ!"

அந்த இரண்டடியில் அக்கா நின்றுவிட்டாள். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது.

ஐயோ, அந்தச் சத்தம். தொண்டையில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிற யானை மாதிரி. கூட்டம் கை தட்டியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. சன்னதித் தெரு, வடக்கு மாட வீதி, குளத்தோரம், எல்லா ஜன்னலிலும் தலைகள். சித்தப்பா இடது கையைத் தூக்கி எல்லோருக்கும் சலாம் போட்டார். தெற்கு மாட வீதியில் திரும்பியபோது சத்தம் மெலிந்தது. தொடையில் சுட்டது. இரும்பு காந்தும் வாசனை. பிறகு கீச்சென்று ஒரே ஒரு சத்தம், பின் சக்கரம் அப்படியே நின்று வண்டி வழுக்கியது. என் தாடை கைப்பிடியில் இடித்துப் பல் ஒன்று போயிற்று.

தள்ளிக்கொண்டு வந்தோம். அப்பா வாசலில் நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அம்மாதான் சொன்னாள்: "தீட்டோட ரேழி வரைக்கும் வந்தாளே. பூஜை வண்டி பொறுக்குமா?" கூட்டம் "ஆமாம் ஆமாம்" என்று கலைந்தது. வாயில் ரத்தத்தோடு நானும் அதைத்தான் நம்பினேன். நான் சொன்ன செய்தி, அந்த டின், எல்லாம் தெரிந்திருந்தும் நம்பினேன். பெரியவர்கள் ஒரே குரலில் சொன்னால் கண்ணால் கண்டதுகூடக் குழம்பிப்போகிறது.

பாய் தொழுகை முடித்து வந்தார். குனிந்து என்ஜினடியில் திருகைக் கழற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. விரலை விட்டுத் தடவினார். நிமிர்ந்து பார்த்தவர் கண்ணில் ரேழியில் உட்கார்ந்திருந்த டின் பட்டது. சீல் உடையவில்லை. பொட்டு கலையவில்லை.

"ஐயரே, இன்னாத்துக்கு ஒதச்சீங்க?"

"அவ தீட்டு..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"தே, கம்முனு இரு சார். மெசினுக்கு இன்னா தெரியும் தீட்டு? எண்ணெ தெரியும், அவ்ளோதான். அந்தப் பொண்ணு சேத்துச்சு. நீங்க ஒடச்சீங்க." அப்பாவைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்: "பந்தயத்துல அது தோக்கல ஐயரே. சொல்லிட்டேன்."

அப்பா, "போனது போச்சு பாய்" என்றார். பாய் அதற்கப்புறம் எங்கள் சந்துப் பக்கம் வந்ததில்லை.

நாலாம் நாள் அக்கா தலைக்குக் குளித்து வந்து, யாரிடமும் பேசாமல் இட்லித் தட்டுகளைத் தேய்த்துச் சமையலுள்ளில் கவிழ்த்தாள். தை மாதம் நாக்பூர் மாப்பிள்ளை. நல்ல மனுஷர்தான், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்கா அங்கே அக்கம்பக்கத்து மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் ரிப்பேர் பண்ணிக் கொடுத்தாள். மிக்ஸி! அந்தக் கைக்கு மிக்ஸி! சித்தப்பா பிற்பாடு எங்கோ கொடுத்து என்ஜினை மாற்றிக்கொண்டு, அந்த வண்டியில் பெண் பார்க்கவே போனார்.

இது வரைக்கும் உள்ளது குடும்பத்தில் பலருக்கும் தெரியும், சொல்ல மாட்டார்கள். இனி நான் சொல்லப்போவது ஒருவருக்கும் தெரியாது.

அப்பா கடைசிக் காலத்தில் தி.நகரில் என் பிளாட்டில் இருந்தார். ஒரு நாள் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கை முடிந்திருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னிக்கு அவ கத்தினது எனக்குக் கேட்டுதுடி."

அவருடைய இன்னொரு கையை எடுத்தேன்.

"எண்ணெய்னு தெளிவாக் கேட்டுது. டின்னும் என் கண் முன்னாலதான் இருந்தது. வாயைத் திறந்தா ஆச்சு. ரெண்டு உதையில கிளம்பலேன்னதும், அப்பாடான்னு இருந்தது. மூணாவதுல கிளம்பிடுத்து. ஓடிடுத்துன்னா இவளை எப்படி வச்சு மேய்க்கறதுன்னு பயம் வந்துடுத்து. சும்மா இருந்துட்டேன்."

நகவெட்டியைப் படுக்கையில் போட்டுவிட்டு எழுந்தேன். அந்த இன்னொரு கை நகத்தை நான் வெட்டவில்லை. வாரக்கணக்கில் வளர்ந்து நின்றது. நர்ஸம்மாதான் வந்து வெட்டினாள். படுக்கையில் கிடந்த கிழவரிடம் இப்படி நடந்துகொள்ளலாமா என்பீர்கள். நடந்துகொண்டேன். வருத்தமில்லை.

அக்காவிடம் இதைச் சொல்லாமல் பல வருஷம் வைத்திருந்தேன். இந்த வாட்ஸ்அப் கூத்துக்கு அப்புறம் தாங்கவில்லை. அக்கா இப்போது அடையாறில் இருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை ஆட்டோ பிடித்துப் போனேன். அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், நகம் உட்பட. முழுக்கக் கேட்டாள். கத்தி நிற்கவில்லை.

"பயம்னு சொன்னாரா?"

"ஆமாம்."

"சரி. அப்பாவுக்குப் பயம். அம்மாவுக்கு மடி. சித்தப்பாவுக்கு ஜம்பம். நான் ஒரு முட்டாள், அம்மாவைத் தள்ளிண்டு வந்திருக்கணும்." கத்தியைக் கீழே வைத்தாள். "உனக்கு என்னடி?"

"எனக்கா?"

"எண்ணெய் இல்லைன்னு வாசல்ல நிச்சயமாத் தெரிஞ்சவா ரெண்டே பேர். அவரும் நீயும். நீ டேங்க் மேல உக்காந்திருந்தே. ப்ளக் ஒயர் உன் காலடியில. ஒரு இழு இழுத்திருந்தா நூறு உதை உதைச்சாலும் கிளம்பியிருக்காது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். நாலு மாதம் அவள் பக்கத்திலேயே குந்தியிருந்தவளுக்கு அது தெரியாதா? ஐம்பது வருஷமாக அப்பா மேலும் சித்தப்பா மேலும் கொட்டிய கோபத்தில் ஒரு கரண்டியாவது என் மேல் ஊற்றிக்கொண்டிருக்கிறேனா?

"ரவுண்டு போகணும்னு இருந்ததுக்கா" என்றேன். "பட்டுப் பாவாடை கட்டிண்டிருந்தேன். எல்லாரும் என்னையே பாத்துண்டிருந்தா."

அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் காயைத் தள்ளி வைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பதினேழு வயசில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள்.

"நன்னா ஓடித்தா?"

"தெற்கு மாட வீதி வரைக்கும் நன்னா ஓடித்து" என்றேன்.